பெயர் சொல்லி அழைக்கலாகாத பாலம்

மேற்குமலைத் தொடரின் முதுகின்மேல், உடும்பஞ்சோலைக்கும் அப்பால், கதிரவன் கிழக்கே போடிச் சமவெளியைச் சுடத் தொடங்கி நெடுநேரம் கழிந்த பின்னரும் தன் வெயிலைக் காட்டத் தயங்குகின்ற பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. வானளாவிய காட்டுமரங்கள் குடைபிடிக்க, அவற்றின் நிழலிலே ஏலச்செடிகள் சரிவெங்கும் தழைத்து நிற்க, முந்தைய நாள் பெய்த மழை இலையினின்று இலைக்கு இன்னும் இறங்கிக்கொண்டிருக்க, நடுவே பாறைகளை உருட்டி ஓடும் காட்டாறு அப்பள்ளத்தாக்கை இக்கரை என்றும் அக்கரை என்றும் இரண்டாகப் பிளந்து செல்லும். இக்கரையில், ஒரே கூரையின்கீழ் வரிசையாய் ஒட்டி நிற்கும் தொழிலாளர் வீடுகள் நாற்பது. அக்கரை மேட்டின்மேல், தகரக் கூரை வேய்ந்த சிறு மாதா கோயில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு, மே மாதத்துக் கடைசி ஞாயிற்றின் காலையில், அக்கோயில் மணி முதன்முறை ஒலித்தபோது, இக்கரையில் ஆற்றோரப் பாறை ஒன்றின்மேல் பெண்ணொருத்தி அமர்ந்திருந்தாள். ஏழாண்டுகளாக ஞாயிறுதோறும் அவள் அங்கேதான் அமர்ந்திருந்தாள்.

அவள் பெயர் செபமாலையம்மாள். முப்பத்தொரு வயதினள், ஏலம் பறிப்பதில் கைதேர்ந்தவள், மூட்டை சுமக்கும் மிக்கேலின் மனைவி, புஷ்பமேரி என்னும் எட்டு வயது மகளுக்குத் தாய். அவள் அமர்ந்த பாறைக்கும் அக்கரைக்கும் இடையே முப்பது காலடித் தொலைவுதான். அத்தொலைவைக் கடக்க மாட்டாமையால், மலைமக்கள் 'நன்மை' என்று எளிமையாய்ச் சொல்லும் அந்தத் திரு அப்பம் அவள் நாவைத் தொட்டு ஏழு உயிர்ப்புத் திருநாள்கள் கழிந்திருந்தன. மணியோசை கேட்டால் எழுந்து நிற்பாள். அக்கரையில் பாடல் எழுந்தால் தானும் உதடசைப்பாள். குருவானவர் அப்பத்தை உயர்த்தும் வேளையின் சிறுமணி காற்றில் வந்தால் ஈரப் பாறையில் முழந்தாளிட்டு, பசித்த பிள்ளை அடுத்த வீட்டு அடுப்பைப் பார்ப்பதுபோல் அக்கோயிலைப் பார்ப்பாள். பிறகு எழுந்து வீடு சென்று சோறு வடிப்பாள்.

வாசகரே, அந்த ஆற்றின் பாலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பாலம் என்று அதற்குப் பெயர்தான் பெரிது. முன்னொரு காலத்தில் வெட்டி வீழ்த்திய ஒற்றை மரம் ஒன்றைக் கரைக்குக் கரை கிடத்தி, மேற்புறத்தைச் செதுக்கித் தட்டையாக்கியிருந்தனர், கைப்பிடி இல்லை. இரும்புக் கயிறு கட்டித் தருவதாகத் தோட்டத்து நிருவாகம் கொடுத்த வாக்கு ஆண்டுதோறும் மழையோடு வந்து மழையோடு போய்க்கொண்டிருந்தது. அம்மரத்தின்மேல் நடப்போர் கீழே சுழன்றோடும் நீரைப் பார்த்தால் தலை சுற்றும். ஆறு நின்றுபோய், மரமே ஓடுவதாகத் தோன்றும். ஆதலின் முதன்முதல் இம்மலை ஏறி வந்த தொழிலாளர், அக்கரையில் பாலம் முடியும் இடத்தில் ஆளுயர மேடையெழுப்பி, அதன்மேல் ஆண்டவரின் திருவுருவம் தாங்கிய பெருஞ்சிலுவை ஒன்றை நாட்டினர். சிலுவையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடப்பவர் விழுவதில்லை என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. இக்கரைக்குத் திரும்பும்போது மட்டும் தத்தம் வீட்டு அடுப்புப் புகையைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தனர். அதையும் ஆண்டவர் குறையாகக் கொண்டதாகத் தெரியவில்லை.

அப்பாலத்துக்கு இன்னும் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒரு நேரத்தில் ஒருவரே ஏற வேண்டும். ஏறியவரை எவரும் பெயர் சொல்லி அழைக்கலாகாது. அழைத்தால் அவர் திரும்பிப் பார்ப்பார், திரும்பினால் காலிடறும். கரையில் நிற்போர் ஒருவர் கடந்து முடிக்கும்வரை வாய் திறவாமல் நிற்பர். கைக்குழந்தை அழுதால் அதன் வாயில் முலையைத் திணித்து அடக்குவர். பிற இடங்களில் எவ்வளவு வாயாடினாலும், அந்த முப்பது காலடிக்கு முன் இம்மலையில் எல்லோரும் ஊமைகளே.

இனி, செபமாலையம்மாள் ஏன் கடக்கவில்லை என்பதற்கு ஊரார் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். ஏழாண்டுக்கு முன் இதே மே மாதக் கடைசி நாளில், அவளுடைய உயிர்த்தோழி சிசிலி பாலத்தினின்றும் தவறி வெள்ளத்தில் வீழ்ந்தாள். கரையில் நின்ற செபமாலையம்மாள், பெற்ற குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டு, சேலையோடு ஆற்றில் பாய்ந்து, பாறைகளுக்கிடையே சிக்கிக் கிடந்த தோழியைத் தலைமயிரைப் பற்றி இழுத்துக் கரை சேர்த்தாள். சிசிலி உயிர் பிழைத்தாள். இடுப்பெலும்பு முறிந்ததால் ஒரு கால் மட்டும் குட்டையாய்ப் போயிற்று. அன்று கண்ட அச்சத்தால் செபமாலையம்மாளுக்குப் பாலம் ஏறக் கால் வரவில்லை என்று ஊர் சொன்னது. தோழியின் உயிர் காத்தவள் என்று பெரியவரும் எழுந்து இடம் தந்தனர்; குழந்தைகளுக்கு அவளை முன்மாதிரியாய்க் காட்டினர். அந்தப் புகழ் ஒவ்வொன்றும் அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

ஏனெனில், ஊர் அறியாதது ஒன்று இருந்தது. மே மாதம் முழுவதும் மாதாவுக்கு வணக்க மாதம்; கடைசி நாளில் மாதாவின் சுரூபத்துக்குப் பூமுடி சூட்டுவர். அதைச் சூட்டும் பேறு அவ்வாண்டு தனக்கே என்று செபமாலையம்மாள் நம்பியிருந்தாள். போடிச் சந்தையிலிருந்து புதுச்சேலையும் வாங்கி வைத்திருந்தாள். கடைசி நேரத்தில் அப்பேறு சிசிலிக்குப் போயிற்று. மாதாவை அலங்கரிப்பதற்காகவே மாதாவின் மகளிர் பகைத்துக்கொள்ளும் கூத்து இம்மலைக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் செபமாலையின் உள்ளத்தில் அந்தப் பொறாமை உலையிலிட்ட நீராய்க் கொதித்தது. மற்றவர்கள் இன்னும் பாதையின் வளைவு திரும்பி வராத வேளையில், பூமுடி வைத்த தட்டை இரு கையாலும் ஏந்திக்கொண்டு சிசிலி பாலத்தின் நடுவே போய்க்கொண்டிருந்தாள். பின்னால் கரையில் நின்ற செபமாலையம்மாள், அக்கறை போன்ற குரலில் அழைத்தாள்.

"சிசிலி! தட்டு சாயுதுடி, பாத்து!"

தட்டு சாயவில்லை. அவள் திடுக்கிட்டு நான்கு பூவையாவது சிந்த வேண்டும், சிந்தியதைக் கண்டு ஊர் முகஞ்சுளிக்க வேண்டும் என்பதே செபமாலையின் எண்ணம். சிசிலி திரும்பினாள். பூமுடி முதலில் நீரில் விழுந்தது. அவள் பின்னர் விழுந்தாள்.

ஆற்றில் பாய்ந்ததும் செபமாலைதான், அதுவும் பொய்யன்று. ஆனால் தான் அழைத்ததை எவரிடமும் சொல்லவில்லை. மயங்கிக் கிடந்த சிசிலிக்கு அந்தக் குரல் நினைவிருக்குமோ இராதோ என்று ஏங்கி ஏங்கி நாள்கள் கழிந்தன. சிசிலியின் கணவன் பாஸ்கல் கோயில் மணியடிக்கும் பணியினன். மனைவியால் இனிப் பாலம் கடக்க இயலாது என்று கண்டு, அவளை முதுகில் சுமந்து கடந்து, அக்கரையில் கோயிலை ஒட்டிய குடிலிலேயே குடியேறினான். அதன்பின் சிசிலி இக்கரைக்கு வரவில்லை. செபமாலை அக்கரைக்குப் போகவில்லை. தொடக்கத்தில் சில ஞாயிறுகளில் சிசிலி கோலூன்றி, வழுக்கும் படிகளில் மெல்ல இறங்கிச் சிலுவையடிக்கு வந்து நின்றதுண்டு. அவள் தலை தெரிந்ததும் செபமாலை ஏலக்காட்டுக்குள் போய் மறைந்துகொள்வாள். பிறகு சிசிலி ஞாயிறுகளில் இறங்குவதை நிறுத்திவிட்டாள். திருப்பலி முடிந்து திரும்பும் மிக்கேல் மட்டும், முதல் இரண்டாண்டு கழிந்தது முதல் தவறாமல், "சிசிலி உன்னக் கேட்டுச்சு" என்று ஒரே சொல்லைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கஞ்சி குடிக்க உட்காருவான். கணவனுக்கு அது நலம் விசாரிப்பு. மனைவிக்கு அதுவே வழக்குமன்றத்தின் அழைப்பு.

இவ்வாறு வாழ்ந்தவளை அசைத்தது அவள் மகளின் ஒரு கேள்வி. அவ்வாண்டு மே மாதக் கடைசி ஞாயிற்றில் புஷ்பமேரிக்குப் புதுநன்மை. முதன்முதல் நற்கருணை பெறும் பிள்ளையின் தலையில் தாய் கைவைத்து நிற்பதும், பிள்ளை உட்கொண்டதும் தாயும் உட்கொள்வதும் அக்கோயிலின் முறை. வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தாயை நோக்கி, "என் தலையில யாரும்மா கை வைப்பாக? சிசிலி அத்தையா?" என்று கேட்டுவிட்டு, மறுமொழிக்குக் காத்திராமல் சிறுமி விளையாடப் போய்விட்டாள். செபமாலை தைத்த ஊசியை அப்படியே வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தாள். தன் பாவம் தன்னை மட்டும் கரையில் நிறுத்தியதென்று இதுகாறும் எண்ணியிருந்தவள், அது தன் மகளின் தலைமேல் வைக்க வேண்டிய கையையும் பிடித்துக்கொண்டதை அன்று கண்டாள்.

வெள்ளிக்கிழமை பகலில், படுக்கையாய்க் கிடந்த கத்தரீனாளுக்கு நோயில்பூசுதல் தருவதற்காகச் சிலுவைராஜ் அடிகளார் இக்கரைக்கு வந்தார். வாரந்தோறும் மலை ஏறிவந்து திருப்பலி நிறைவேற்றும் முதியவர். முழங்கால் வலியைத் தவிர வேறெதையும் எவரிடமும் குறையாகச் சொல்லாதவர். அவர் திரும்புகையில், பலாமரத்தடியில் செபமாலை அவரை மறித்து, பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றாள். அவர் அங்கேயே ஒரு கல்லின்மேல் அமர்ந்து, தோளில் ஊதாப் பட்டையை இட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் பூமுடியில் தொடங்கி, ஏழாண்டுப் புகழ்வரை, ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள்.

"நான் அவளத் தள்ளல சாமி. ஆனா தள்ளுன மாதிரிதான். கண்ண மூடுனா அந்தத் தண்ணிதான் தெரியுது. பூசையில நிக்கலாம்னு நெனச்சாலும் தண்ணிதான் தெரியுது."

அடிகளார் வலித்த முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "ஏழு வருசமாத் தண்ணியவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்கம்மா. அக்கரையில யாரு நிக்கிறாருன்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?" என்றார்.

தன் பாவத்தை இடைவிடாது நினைத்து வருந்துவதே அதற்குரிய தண்டனை என்றும், அத்தண்டனையை ஒழுங்காய்ச் செலுத்தி வருவதே தன்னிடம் மிஞ்சிய பக்தி என்றும் அவள் அதுவரை நம்பியிருந்தாள். மலைமக்கள் பாலத்தின்மேல் செய்யாத தவற்றை அவள் தன் ஆன்மாவுக்குள் செய்துகொண்டிருந்தாள். அடிகளார் அதை மெல்ல விளக்கினார். மன்னிப்பு என்பது வருந்தி வருந்தி ஈட்டும் பொருளன்று, அக்கரையில் நிற்பவர் கைநீட்டித் தருவது என்றார். ஞாயிறன்று பாலம் கடந்து வந்து சிசிலியிடம் தன் வாயால் உண்மையைச் சொல்வதே அவள் செய்ய வேண்டிய கழுவாய் என்று விதித்து, கையுயர்த்திப் பாவமன்னிப்பு அளித்தார். அவர் போன பின்னும் அவள் கால்கள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அருள் பெற்ற கணமே நடுக்கம் நின்றுவிடும் என்போர், ஆற்றங்கரையில் வாழ்ந்தறியாதவர்.

அந்த ஞாயிறு வந்தது. முதல் மணி ஒலித்து, பாறையில் அமர்ந்திருந்த செபமாலை எழுந்தபோது, ஊர்மக்கள் ஒவ்வொருவராய்க் கடக்கத் தொடங்கியிருந்தனர். மலைமேல் பெய்த கோடைமழையால் ஆறு செந்நிறமாய்ப் பெருகி மரத்தின் அடிவயிற்றை நக்கிக்கொண்டு ஓடியது. மிக்கேல் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னே சென்றான். எல்லோரும் கடந்தனர். கடைசியாக அவள் மரத்தில் கால் வைத்ததைக் கண்டபோது, கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்தவர்கள் படிகளிலேயே நின்றுவிட்டனர்.

சிலுவையில் கண் வைத்தே அவள் பத்துக் காலடி நடந்தாள். பிறகு, எந்த இடத்தில் சிசிலி திரும்பினாளோ அந்த இடம் வந்ததென்று கால் அறிந்தது. கண் கீழே போயிற்று. மரம் நகரத் தொடங்கியது. செந்நீரில் பூவிதழ்கள் மிதந்து போவதாகக் கண்டாள். ஏழாண்டுக்கு முன் போன பூக்கள் இன்னும் போய் முடியவில்லை என்றே அவளுக்குத் தோன்றியது. முன்னும் செல்ல இயலாமல், பின்னும் திரும்ப இயலாமல், இரு கையாலும் காற்றைப் பற்றிக்கொண்டு நின்றாள். கரையில் மிக்கேலின் வாய் திறந்தது. அருகில் நின்றவர் அதைப் பொத்தினார். புஷ்பமேரி தன் வெள்ளை முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கினாள். உதவ வேண்டும் என்று துடித்த அத்தனை பேரையும் அவ்வழக்கம் வாய் கட்டி நிறுத்தியிருந்தது.

அப்போது அவள் பெயர் ஒலித்தது.

"செபமால!"

கூட்டம் அதிர்ந்தது. கோலூன்றி எப்போது இறங்கி வந்தாளோ, எவரும் பார்க்கவில்லை; சிலுவை மேடையில் ஒரு கையை ஊன்றியபடி சிசிலி நின்றிருந்தாள். பாஸ்கல் பதறி அவள் தோளைப் பற்றினான். அவள் அவன் கையை விலக்கிவிட்டு, நீரின் இரைச்சலுக்கு மேலாக மீண்டும் அழைத்தாள்.

"செபமால! இங்கிட்டுப் பாருடி!"

பின்னாலிருந்து வந்த அழைப்பாயின் செபமாலை திரும்பியிருப்பாள். இது முன்னாலிருந்து வந்தது. கண் நீரைவிட்டு எழுந்தது. எழுந்த கண், ஏழாண்டுகளாக எந்த முகத்துக்கு அஞ்சி ஒளிந்ததோ அந்த முகத்திலேயே போய் நின்றது. நின்றதும் மீண்டும் தாழப் பார்த்தது. சிசிலி அதைக் கண்டுகொண்டாள்.

"என் மூஞ்சியப் பாக்காத. எனக்கு மேல பாரு."

அவளுக்கு மேலே, மழையில் நிறம் வெளுத்து, ஒரு பக்கம் பாசி ஏறி, கைகள் இரண்டையும் விரித்தபடி ஆண்டவர் இருந்தார். இருபத்துநான்கு வயதுவரை ஞாயிறுதோறும் கடப்பதற்கு ஓர் அடையாளமாய்க் கண்ட உருவத்தை, இன்று தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவராய் அவள் கண்டாள். அதன்பின் ஆற்றைப் பற்றிய நினைவே அவளுக்கு எழவில்லை. எத்தனை காலடி வைத்தாள் என்பதை அவளால் பின்னாளிலும் சொல்ல முடிந்ததில்லை. மரம் முடிந்து மண் வந்ததும், சிலுவை மேடையில் தலை முட்ட, தோழியின் காலடியில் சரிந்து விழுந்தாள்.

அவள் கைக்கு அருகே இருந்தது அந்தக் குட்டையான கால். அதைப் பற்றிக்கொண்டு, மூச்சு வாங்க, "சிசிலி, அன்னைக்கித் தட்டு..." என்று தொடங்கினாள்.

சிசிலி கோலைக் கீழே போட்டுவிட்டு, மேடையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். மற்றவர் காதில் விழாத குரலில் சொன்னாள்:

"தட்டு சாயலைன்னு எனக்குத் தெரியும்டி. கையில வச்சிருந்தவ நான்தான?"

செபமாலை தலை நிமிர்த்தாள். சிசிலி அவள் ஈர முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"கூப்ட்டதும் நீதான், தண்ணியில குதிச்சதும் நீதான். அன்னைக்கே தெரியும். மொத ரெண்டு வருசம் உன்ன நெனச்சாலே வயிறு எரிஞ்சுச்சு, பொய் சொல்லமாட்டேன். மத்த நாள்ல இந்தக் குருசடியில உக்காந்து உக்காந்துதான் அது அடங்குச்சு. பெறகு நீ எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஞாயித்துக்கெழம தவறாம மிக்கேல் அண்ணன்கிட்டச் சொல்லி விட்டேனே, உன்னக் கேட்டதா. அவரு சொல்லலையா?"

"சொன்னாரு," என்றாள் செபமாலை. ஐந்தாண்டுகளாகத் தன் வீட்டுக்கு ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தது மன்னிப்பு என்பதையும், அதைக் குற்றச்சாட்டு என்று எண்ணித் தானே வாசலில் திருப்பி அனுப்பியதையும் அவள் அப்போதுதான் உணர்ந்தாள். விம்மி விம்மி அழுதாள். வீணாய்ப் போன ஞாயிறுகளை நினைத்து அழுதாள். ஆயினும் சொல்ல வேண்டியதை விடவில்லை. தான் சொன்னது பொய், பொறாமையால் சொன்னது என்று அழுகைக்கிடையே சொல்லி முடித்தாள். சிசிலி கடைசிவரை கேட்டாள். பிறகு, இரண்டாம் மணி அடிக்க மறந்து நின்ற பாஸ்கலைப் பார்த்து, மணியடிக்கப் போகவில்லையா என்று கடிந்துகொண்டாள்.

படியேறுகையில் தோழிக்குச் செபமாலையே ஊன்றுகோலானாள். கோயிலில், மகளின் தலைமேல் அவள் கை இருந்தது. அடிகளார் சிறுமிக்கு நற்கருணை தந்துவிட்டு, நிமிர்ந்து, அடுத்து நின்ற தாயின் முன் ஒரு கணம் தாமதித்தார். எத்தனையோ முறை சொன்ன சொற்களையே புதிதாய்ச் சொல்வதுபோல், "கிறிஸ்துவின் உடல்" என்றார். "ஆமென்" என்று அவள் சொன்னது எவருக்கும் கேட்கவில்லை. ஏழாண்டுப் பசி கொண்ட நாவின்மேல் அந்த எளிய அப்பம் சுவையின்றிக் கரைந்தது; அவளோ கண்களைத் திறந்தபடியே அதை உட்கொண்டாள். மூடினால் தண்ணீர் தெரியும் என்ற அச்சம் அப்போது அவளுக்கு இல்லை; பார்க்க வேண்டியவர் எதிரே இருந்ததால் மூட மனம் வரவில்லை.

சிசிலியின் கால் நேராகவில்லை. சிந்திய பூமுடியை ஆறு திருப்பித் தரவில்லை. மன்னிப்பு நடந்ததை நடவாததாக்கும் என்று எண்ணுவோர்க்கு இக்கதையில் ஆறுதல் சிறிதே. ஆனால் அன்று முதல் அம்மலையில் ஒரு வழக்கம் மாறிற்று. பாலத்தில் ஏறியவரைப் பின்னின்று எவரும் அழைப்பதில்லை என்பது அப்படியே இருக்க, ஞாயிறுதோறும் சிலுவையடியில் கோலோடு அமர்ந்திருக்கும் ஒரு பெண், கடந்து வருவோர் ஒவ்வொருவரையும் முன்னின்று பெயர் சொல்லி அழைப்பாள். இரும்புக் கயிறு வந்ததோ இல்லையோ, அந்தக் குரல் நெடுங்காலம் இருந்தது. செபமாலையம்மாள் எப்போதும் கடைசியாகவே கடப்பாள். தன் பெயர் வரும்வரை கரையில் காத்து நிற்பாள். வந்த பின்னரே மரத்தில் கால் வைப்பாள்.

வாசகரே, நாமும் நம் நீரையே நோக்கி நின்ற ஆண்டுகள் எத்தனையோ இருக்கும். அவ்வாண்டுகளிலெல்லாம் அக்கரையில் ஒருவர் நம் பெயரை நாவில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார் என்பதைக் கடந்த பின்னரே அறிகிறோம். அறிந்த பின்னும், போன ஞாயிறுகளுக்காக நெஞ்சு சிறிது ஏங்கத்தான் செய்கிறது.